கம்ப்ரஸர் ஃப்யூஸை அடிக்கடி போக்குகிறதா? கம்பியைத் தடிமனாக்காமல் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

திருமங்கலம் சாலையில் கப்பலூரைத் தாண்டிப் பஞ்சர் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், ஒரே ஆண்டில் இரண்டு முறை தம் கம்ப்ரஸர் மோட்டாரைக் காயில் கட்டுவதற்காக (உள்ளே கருகிய செம்புச் சுற்றை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவதற்காக) என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். இரண்டாவது முறை மோட்டாரை மாட்டிக் கொடுக்க நானே கடைக்குப் போனேன். சுவரில் இருந்த ஃப்யூஸ் கட்டையை உருவிப் பார்த்தால், உள்ளே ஃப்யூஸ் கம்பியே இல்லை. வயரை உரித்து எடுத்த செம்பு இழைகள் ஆறேழு ஒன்றாக முறுக்கித் திருகுக்குத் திருகு கட்டப்பட்டிருந்தன. “கரண்ட் போய் வந்தால் ஃப்யூஸ் போய்விடுகிறது, தம்பி. லாரி வந்து நிற்கும்போது எத்தனை தடவைதான் நான் கம்பி கட்டிக்கொண்டிருப்பது?” என்றார்.

அவருடைய அவசரம் நியாயமானது. ஆனால் உருக வேண்டிய கம்பியை உருகவிடாமல் செய்ததால் அதற்குப் பதிலாகக் காயில் கருகியது. சில ரூபாயில் முடிய வேண்டியது, இரண்டு தடவை ஆயிரக்கணக்கில் போனது. இத்தனைக்கும் அவருடைய மோட்டாரில் எந்தக் குறையும் இல்லை. குறை எங்கே என்பது அவர் சொன்ன முதல் வார்த்தைகளிலேயே இருந்தது: கரண்ட் போய் வந்தால்.

மதுரையைச் சுற்றிப் பஞ்சர் கடை, வாட்டர் சர்வீஸ், மரச்சாமான் பாலிஷ், வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை என்று எங்கு போனாலும் ஒரு கம்ப்ரஸர் ஓடுகிறது. அது ஃப்யூஸைப் போக்கினால் வரிசையாக என்ன பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். ஃப்யூஸுக்குப் பதில் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) வைத்திருப்பவர்கள் “ஃப்யூஸ் போகிறது” என்ற இடத்திலெல்லாம் “டிரிப் ஆகிறது” என்று படித்துக்கொள்ளலாம்.

கை வைக்கும் முன்

மெயினை அணையுங்கள். ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்; கடைப் பையன் நல்லெண்ணத்தில் மாட்டிவிடக் கூடாது. பிளக் இருந்தால் அதையும் கழற்றி, கண்ணில் படும்படி வையுங்கள். டேங்கின் அடியில் இருக்கும் டிரெயின் காக்கைத் திறந்து காற்றை முழுவதும் விட்டுவிடுங்கள். கேஜ் முள் பூஜ்யத்தில் நின்றாலும், காற்று வரும் சத்தம் அடங்கிய பிறகே எந்த நட்டிலும் ஸ்பேனர் வையுங்கள். கேஜ் பழுதாகி முள் பூஜ்யத்திலேயே சிக்கிக்கொள்வது உண்டு.

சிங்கிள் ஃபேஸ் மோட்டாரின் தலைமேல் இருக்கும் கண்டென்சர், கரண்டை அணைத்த பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதன் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே, வயர் இணைத்த ஒரு 100 வாட் குண்டு பல்பைச் சில நொடி வைத்தால் இறங்கிவிடும். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடும் பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. அது கண்ணுக்கும் ஆபத்து, கண்டென்சருக்கும் கேடு.

மின் கம்பத்திலோ மீட்டர் பெட்டியில் சீல் வைத்த பகுதியிலோ போகும் ஃப்யூஸில் நாம் கை வைக்கக் கூடாது. அது மின்வாரியத்தின் வேலை. வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லலாம்.

உருகிய கம்பியைப் படியுங்கள்

புதுக் கம்பி கட்டும் அவசரத்தில் எல்லோரும் பழைய கம்பியைத் தட்டிக் கொட்டிவிடுகிறார்கள். கொட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

கம்பி இருந்த இடமே தெரியாமல் மறைந்து, பீங்கானில் கரியும் செம்புப் பொட்டுகளும் தெறித்திருந்தால், பெரிய கரண்ட் ஒரே நொடியில் பாய்ந்திருக்கிறது. எங்கோ ஷார்ட், அல்லது காயில் பாடியில் (மோட்டாரின் இரும்புக் கூட்டில்) இடித்திருக்கிறது. கம்பியின் இரு முனையும் திருகில் அப்படியே இருந்து, நடுவில் மட்டும் உருகி, முனையில் கடுகு போல ஓர் உருண்டை தொங்கினால், அது மெதுவாகச் சூடேறி உருகிய கம்பி. மோட்டார் தாங்க முடியாத பாரத்தை இழுத்திருக்கிறது. திருகை ஒட்டியே கம்பி அறுந்து அந்தத் திருகு மட்டும் நிறம் மாறியிருந்தால், மோட்டாரைத் திட்ட வேண்டாம், திருகு தளர்ந்திருக்கிறது. கட்டையின் பித்தளை நாக்கு அகன்று, அடிக்கட்டையில் பிடிப்பில்லாமல் ஆடினாலும் இதே சூடுதான் வரும். அப்படிப்பட்ட கட்டையை மாற்றிவிடுங்கள்.

எந்த நேரத்தில் போகிறது?

இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கடைக்காரரிடம் கேட்டால் “எப்போதும்தான் போகிறது” என்பார். விடாதீர்கள்.

சுவிட்ச் போட்ட கணத்திலேயே, மோட்டார் முனகக்கூட இல்லாமல் போகிறதா? வயரிங், பிரஷர் சுவிட்ச் (டேங்க் நிரம்பினால் மோட்டாரை நிறுத்தி, காற்று குறைந்தால் எழுப்பும் சுவிட்ச்), காயில் ஆகிய மூன்றில் ஒன்றில் ஷார்ட். ‘ம்ம்ம்’ என்று நாலைந்து நொடி முனகிவிட்டுப் போகிறதா? மோட்டார் எழ முடியாமல் நிற்கிறது. கண்டென்சர், குறைந்த வோல்டேஜ், சிக்கிய கம்ப்ரஸர், தலையில் அடைபட்ட காற்று ஆகியவற்றில் ஏதோ ஒன்று. காலையில் டேங்க் காலியாக இருக்கும்போது நன்றாக எழுந்து, நிரம்பி நின்று, மறுபடி எழும்போது மட்டும் போகிறதா? அன்லோடர் அல்லது நான்-ரிட்டர்ன் வால்வு (இவை என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்). நன்றாக ஓடி, முள் உச்சியை நெருங்கும்போது போகிறதா? மோட்டாரின் சக்திக்கு மேல் வேலை வாங்கப்படுகிறது. மாலை ஏழு மணிக்கு மேல்தான் போகிறதா? வோல்டேஜ்.

முனகல் ஏன் ஃப்யூஸைப் போக்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். 2 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போது சுமார் 10 ஆம்பியர் எடுக்கும். நின்ற நிலையிலிருந்து எழும்போது அதைப்போல ஐந்தாறு மடங்கு, அதாவது 50, 60 ஆம்பியர் இழுக்கும். ஒரு நொடிக்குள் எழுந்து வேகம் பிடித்துவிட்டால், 15 ஆம்பியர் கம்பி அந்த ஒரு நொடியைத் தாங்கிக்கொள்ளும். நாலைந்து நொடி எழாமல் முக்கினால் தாங்காது. ஆகவே பெரும்பாலான இடங்களில் நாம் தேட வேண்டியது ஒன்றுதான்: மோட்டார் ஏன் ஒரு நொடியில் எழவில்லை?

பாதி பாதியாகப் பிரித்துப் பார்ப்பது

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். சரியான அளவு ஃப்யூஸ் கம்பி கட்டிக்கொண்டு தொடங்குங்கள்.

முதலில் டேங்க் காலி, டிரெயின் காக் திறந்தபடி. சுவிட்சைப் போடுங்கள். துள்ளி எழுந்தால் மோட்டாரும் கண்டென்சரும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. பழுது காற்றுப் பாதையில் இருக்கிறது.

எழவில்லையா? உடனே அணைத்து, ஃப்யூஸை எடுத்துவிட்டு, பெல்ட்டின் இரும்பு வலைக் கூட்டைக் கழற்றிப் பெல்ட்டை இறக்குங்கள். பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். மேலே அமுக்கும்போது சற்று இறுகி, பின் இளகிச் சுற்ற வேண்டும். கல்லைச் சுற்றுவதுபோல் ஓரிடத்தில் முட்டினால் பிஸ்டன், பேரிங், கிராங்க் பக்கம் பழுது. இப்போது மோட்டாரை மட்டும் தனியாக ஓட்டுங்கள். தனியாக எழுந்தால் கம்ப்ரஸர் தலையைப் பிரிக்க வேண்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை: வலுவிழந்த கண்டென்சரோடும் பாரமில்லாத மோட்டார் சில நேரம் மெல்ல எழுந்துவிடும். எழுந்த வேகத்தையும் கவனியுங்கள்.

மோட்டார் தனியாகவும் எழாமல் ஃப்யூஸைப் போக்கினால், பிரஷர் சுவிட்சிலிருந்து மோட்டாருக்குப் போகும் வயர்களைக் கழற்றி, முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றிவிட்டுச் சுவிட்சைப் போடுங்கள். அப்போதும் போனால் பழுது வயரிலோ பிரஷர் சுவிட்சிலோ இருக்கிறது. போகவில்லை என்றால் மோட்டார்தான்.

மோட்டாரும் தலையும் ஒரே உடலாக வரும் சின்ன கம்ப்ரஸர்களில் பெல்ட் கிடையாது. அங்கே விசிறிப் பக்கத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த ‘புஸ்’ சத்தம்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நான் பார்த்த கம்ப்ரஸர்களில் காரணமே தெரியாமல் காயில் கட்டப்பட்டவை பலவற்றின் பழுது இங்கேதான் இருந்தது.

டேங்க் நிரம்பி மோட்டார் நிற்கும்போது பிரஷர் சுவிட்சிலிருந்து ‘புஸ்’ என்று ஒரு நொடி, இரண்டு நொடி காற்று வெளியேறும். அது கசிவென்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்த கடையையும் பார்த்திருக்கிறேன். அந்தக் காற்று வெளியேறியே ஆக வேண்டும். கம்ப்ரஸர் தலையிலிருந்து டேங்குக்கு ஒரு தடித்த குழாய் போகிறது. டேங்கில் அது சேரும் இடத்தில் நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கிறது. டேங்குக் காற்று திரும்பி வராமல் தடுப்பது அதுதான். அந்த வால்விலிருந்து ஒரு மெல்லிய குழாய் கிளம்பிப் பிரஷர் சுவிட்சின் அடியில் உள்ள சின்ன அன்லோடர் வால்வுக்கு வருகிறது. சுவிட்ச் கரண்டைத் துண்டிக்கும்போது, அதே அசைவில் அந்தச் சின்ன வால்வின் ஊசியையும் அழுத்தும். தலையிலும் தடித்த குழாயிலும் மிஞ்சிய காற்று ‘புஸ்’ என்று போய்விடும். அடுத்த முறை மோட்டார் எழும்போது பிஸ்டனின் தலைமேல் பாரம் இருக்காது.

சத்தமே வரவில்லை என்றால் காற்று உள்ளேயே இருக்கிறது. மோட்டார் 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை எதிர்த்து எழ வேண்டும்; எழாது. இதை ஒரே நிமிடத்தில் உறுதிசெய்யலாம். டேங்க் நிரம்பி நின்றதும் மெயினை அணைத்துவிட்டு, துணியைச் சுற்றிக்கொண்டு (குழாய் கொதிக்கும்) மெல்லிய குழாயின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். ‘புஸ்’ என்று வந்து உடனே அடங்கினால் அன்லோடர் வேலை செய்யவில்லை என்று பொருள். நட்டை இறுக்கி, டேங்குக் காற்றைச் சுவிட்ச் மீண்டும் இணையும் அளவுக்குக் குறைத்து மோட்டாரைப் போடுங்கள். இப்போது துள்ளி எழுந்தால் வழக்கு முடிந்தது. அன்லோடர் ஊசி சிக்கியிருக்கும், அல்லது சுவிட்சின் தகடு ஊசியை எட்டாமல் வளைந்திருக்கும், அல்லது மெல்லிய குழாய் நசுங்கியோ கரி அடைத்தோ இருக்கும்.

சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் பழுது நான்-ரிட்டர்ன் வால்வில். டேங்குக் காற்றே திரும்பி வந்து வெளியேறுகிறது. டேங்கை முழுவதும் காலி செய்த பிறகே அந்த வால்வைக் கழற்ற வேண்டும். உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் ஒரு சின்ன வட்டும் இருக்கும். எரிந்த ஆயிலின் கரி, மிளகுத் தூள் போல அந்த வட்டின் விளிம்பில் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். அவ்வளவு சிறிய துணுக்கு போதும், வட்டு சரியாக உட்காராது. வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி உலர்த்துங்கள். பெட்ரோலில் கழுவி அப்படியே மாட்டாதீர்கள். சூடான தலையில் அந்த ஆவி தீப்பற்றும். வட்டு தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் வால்வையே மாற்றுவது நல்லது.

இனி, கப்பலூர் அண்ணனின் கதை. அவருடைய அன்லோடரும் நன்றாக இருந்தது, வால்வும் நன்றாக இருந்தது. ஆனால் அன்லோடர் திறப்பது பிரஷர் சுவிட்ச் அசையும்போது மட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் சுவிட்ச் அசையாது. தலையில் காற்று அடைபட்டபடியே மோட்டார் நிற்கும். கரண்ட் வந்ததும் அதே காற்றை எதிர்த்து எழப் பார்க்கும். கரண்ட் திரும்பி வரும் அந்த நேரத்தில் அக்கம்பக்கத்து மோட்டார், ஃபிரிட்ஜ், ஏசி எல்லாம் ஒரே கணத்தில் எழுவதால் வோல்டேஜும் தாழ்ந்திருக்கும். இரவில் கடை சாத்தும்போது சுவரில் உள்ள சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் போகிறவர்களுக்கும் காலையில் இதே கதைதான்.

தீர்வுக்குக் காசு செலவில்லை. கரண்ட் போனதும் பிரஷர் சுவிட்சின் மேல் இருக்கும் குமிழை அல்லது நெம்பை ‘ஆஃப்’ பக்கம் திருப்புங்கள், ‘புஸ்’ கேட்கும். கரண்ட் வந்து ஓரிரு நிமிடம் கழித்து ‘ஆன்’ செய்யுங்கள். கடையை அணைப்பதும் அந்தக் குமிழில்தான், அதன் பிறகே சுவர் சுவிட்ச். ஆள் மறந்துபோகும் கடையென்றால் ஒரு டிஓஎல் ஸ்டார்ட்டர் மாட்டிவிடலாம். கரண்ட் போனதும் அது இணைப்பைத் தானே விட்டுவிடும். நாம் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி எழும். அண்ணனுக்கு நான் செய்தது அதுதான். பொத்தானை அழுத்தும் முன் குமிழைத் திருப்ப வேண்டும் என்று ஸ்டார்ட்டர் மேலேயே பெயிண்டில் எழுதிக் கொடுத்தேன்.

வயரும் வோல்டேஜும்

கம்ப்ரஸரை நிழலில் வைக்க வேண்டும் என்று கடைக்குப் பின்னால் கொண்டுபோய், 20 மீட்டர் நீட்டிப்பு வயரில் ஓட்டுவார்கள். வயர் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு என்று வைத்துக்கொள்வோம். அதன் தடை கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். போக 20, வர 20, ஆக 40 மீட்டருக்கு அரை ஓமுக்குச் சற்றுக் குறைவு. ஓடும்போது 10 ஆம்பியருக்கு 5 வோல்ட்தான் குறையும், ஒன்றும் தெரியாது. எழும்போது 60 ஆம்பியர். 29 வோல்ட் வயரிலேயே போய்விடும். 230 வோல்ட் 200 ஆகிறது. மோட்டாரின் எழும் முறுக்கு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 13 சதவீத வோல்டேஜ் குறைந்தால் முறுக்கில் கால் பங்கு போய்விடும். அதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 11 வோல்ட்தான்.

காற்றுக் குழாயை நீட்டுங்கள், கரண்ட் வயரை நீட்டாதீர்கள். கம்ப்ரஸரை மெயின் போர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஹோஸை வேண்டிய தூரம் இழுத்துக்கொள்ளலாம். சுருட்டி வைத்த நீட்டிப்பு வயரில் ஓட்டுவது இன்னும் மோசம். சுருளுக்குள் சூடு அடைபட்டு வயர் உருகும்.

மல்டிமீட்டர் இருந்தால், மோட்டார் எழும் அந்த நொடியில் பிளக்கருகே வோல்டேஜைப் பாருங்கள். நிற்கும்போது 225 காட்டி எழும்போது 180-க்கு விழுந்தால் வயரோ இணைப்போ பலவீனம். நிற்கும்போதே 195 என்றால் அது வெளியிலிருந்து வரும் குறை. மாலை நேரத்து அளவுகளை நாலைந்து நாள் குறித்துவைத்து மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். ஓடும் மோட்டாருக்கு வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். குறைந்த வோல்டேஜில் மோட்டார் மெதுவாக ஓடிப் பிழைத்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். அது சூடேறிச் சாகும்.

6 ஆம்பியர் பிளக்கில் 2 ஹெச்பி ஓட்டக் கூடாது. 16 ஆம்பியர் சாக்கெட், அதற்கென்று தனி லைன். டியூப் ஒட்டும் ஹீட்டர், கிரைண்டிங் மெஷின் எல்லாம் அதே ஃப்யூஸில் தொங்கினால் கம்ப்ரஸரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கண்டென்சரும் மோட்டாருக்குள் இருக்கும் சுவிட்சும்

பெரும்பாலான சிங்கிள் ஃபேஸ் கம்ப்ரஸர் மோட்டாரில் எழுப்பிவிட ஒரு ஸ்டார்ட் கண்டென்சர் இருக்கும். சிலவற்றில் ஓடும்போது துணைநிற்க ரன் கண்டென்சர் என்று இன்னொன்றும் இருக்கும். மேலே உப்பியிருந்தால், ஒழுகியிருந்தால், கருகிய வாடை வந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே மதிப்பு இறங்கியிருக்கலாம். கண்டென்சர் அளக்கும் வசதியுள்ள மீட்டரில் பாருங்கள். மேலே எழுதிய மைக்ரோஃபாரட் அளவுக்குக் கணிசமாகக் குறைவாகக் காட்டினால் அதே மதிப்பு, அதே அல்லது அதற்கு மேற்பட்ட வோல்டேஜ் உள்ளதை வாங்கிப் போடுங்கள். ஸ்டார்ட் கண்டென்சர் இருக்கும் இடத்தில் ரன் கண்டென்சரையும், அதன் இடத்தில் இதையும் மாற்றி மாட்டக் கூடாது. ஸ்டார்ட் கண்டென்சர் சில நொடிகள் மட்டும் வேலை செய்யப் பிறந்தது.

அந்தச் சில நொடியில் அதைப் பிரித்துவிடுவது மோட்டாருக்குள் தண்டில் இருக்கும் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச். முழு வேகத்தில் முக்கால் பங்கு வந்ததும் எடைகள் விரிந்து அது திறக்கும். அணைத்த பிறகு மோட்டார் சுழன்று அடங்கும்போது காதைத் தீட்டிக் கேளுங்கள்: வேகம் தணிந்து வரும்போது ‘டக்’ என்று ஓர் ஒலி வரும். அந்தச் சுவிட்ச் திரும்பி உட்காரும் ஒலி அது. ‘டக்’ கேட்கவே இல்லை என்றால் முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்போது மோட்டாரை எழுப்ப மட்டும் இருக்கும் ஸ்டார்ட் காயில், மோட்டார் ஓடும்போதும் கரண்டை இழுக்கும், கண்டென்சர் வெடிக்கும், ஃப்யூஸ் போகும். அடிக்கடி கண்டென்சர் போகிறதென்றால் கண்டென்சரை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்காமல் இந்தச் சுவிட்சைத் திறந்து பாருங்கள். மரப்பட்டறையாக இருந்தால் இழைப்புத் தூள் நிறையச் சேர்ந்திருக்கும். முனைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்கலாம்; குழி விழுந்திருந்தால் மாற்ற வேண்டும்.

ஹோஸில் சின்னக் கசிவு இருந்தாலும் மோட்டார் சும்மா சும்மா எழும். ஒவ்வோர் எழலும் இந்த இரண்டு பாகங்களின் ஆயுளைத் தின்கிறது. டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கினாலும் அதேதான்: காற்றுக்கு இடம் குறைந்து, டேங்க் சீக்கிரம் நிரம்பிச் சீக்கிரம் காலியாகும். ஐப்பசி, கார்த்திகையில் தினமும் டிரெயின் செய்தால்கூடக் கணிசமாகத் தண்ணீர் வரும்.

காயிலும் எர்த்தும்

ஃப்யூஸ் கம்பி மறைந்து கரி பிடிக்கும் வகையாக இருந்தால், மோட்டார் வயர்களைக் கழற்றிவிட்டுக் காயிலுக்கும் பாடிக்கும் இடையே 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) பாருங்கள். ஒரு மெகாஓமாவது காட்ட வேண்டும். நல்ல மோட்டார் அதைவிட மிக அதிகமாகவே காட்டும். வாட்டர் சர்வீஸ் கடைகளில் சாரல் பட்டு ஈரமேறிய மோட்டாரைப் பிரித்து, வெயிலில் உலர்த்தி மறுபடி அளந்தால் பிழைத்துக்கொள்வது உண்டு. கருகிய வார்னிஷ் வாடை வந்தால் உலர்த்திப் பயனில்லை. காயில் கட்டத்தான் வேண்டும். அப்படிக் கட்டும் முன், கருகியதற்கான காரணம் தீர்ந்ததா என்று மேலே சொன்னவற்றைப் பார்த்துவிடுங்கள்.

பாடியைத் தொட்டால் சுர்ரென்றால் எர்த் இல்லை என்று பொருள். ஃப்யூஸ் போகும் வரை காத்திருக்காமல் அன்றே எர்த்தைச் சரிசெய்யுங்கள். டேங்க் ஈரத் தரையில், வெறுங்காலோடு நிற்கும் பையனின் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றையும் போடுங்கள்.

கம்ப்ரஸரின் பாரம்

ஆயில் கண்ணாடியில் அளவு பாருங்கள், நிறமும் பாருங்கள். லாரியிலிருந்து இறக்கிய பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றும் கடைகளில்தான் வால்வில் கரி அதிகம். காற்று ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல இறங்க வேண்டும். வீணைத் தந்திபோல் இறுக்கினால் பேரிங் சூடேறி மோட்டார் பாரம் இழுக்கும்.

சீக்கிரம் நிரம்ப வேண்டும் என்று மோட்டார் புல்லியைப் பெரிதாக்கியிருக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். 4 அங்குலப் புல்லியை 5 அங்குலமாக மாற்றினால் கம்ப்ரஸர் கால் பங்கு கூடுதல் வேகத்தில் ஓடும், மோட்டாருக்கும் ஏறக்குறைய அவ்வளவு பாரம் கூடும். பிரஷர் சுவிட்சின் ஸ்பிரிங்கை இறுக்கி உச்ச அழுத்தத்தை ஏற்றி வைப்பதும் இதே தவறுதான், அதோடு டேங்குக்கும் ஆபத்து. டேங்கின் தகட்டில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் ஒருபோதும் போகக் கூடாது. சேஃப்டி வால்வை அடைப்பதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

மும்முனை மோட்டார் என்றால்

மூன்று ஃப்யூஸில் ஒன்று மட்டும் போய், மோட்டார் மீதி இரண்டில் முக்கிக்கொண்டு ஓடுவதுதான் இங்கே பெரிய எதிரி. மீதி இரண்டு வழியிலும் கரண்ட் ஒன்றே முக்கால் மடங்கு வரை ஏறும். மேலூர், உசிலம்பட்டி பக்கத்துக் கிராமங்களில் மும்முனை மின்சாரம் சரியாக வராத நேரத்தில் சுவிட்சைப் போட்டால் மோட்டார் எழாமல் முனகும். மூன்று ஃபேஸுக்கும் இடையே வோல்டேஜ் பாருங்கள். 400-ஐ ஒட்டி மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். வோல்டேஜ் சரி என்றால் ஸ்டார்ட்டரின் முனைகளைப் பாருங்கள். ஒரு முனை மட்டும் தீய்ந்திருக்கும். ஓவர்லோடு ரிலேயை (பாரம் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் பாகம்) மோட்டார் தகட்டில் எழுதிய ஆம்பியருக்கு வையுங்கள். ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் ஃபேஸ் தடுப்பான் ஒன்று மாட்டுவது காயில் கட்டுவதைவிட மலிவு.

புதிதாகக் காயில் கட்டிய மோட்டார் உடனே ஃப்யூஸைப் போக்கினால் டெர்மினல் பெட்டியில் பித்தளைத் தகடுகளின் அமைப்பைப் பாருங்கள். காயில்களை இணைக்க ஸ்டார், டெல்டா என்று இரண்டு முறைகள் உண்டு; ஸ்டாரில் இருக்க வேண்டியதை டெல்டாவில் இணைத்திருக்கலாம். மோட்டார் தகட்டில் எது எழுதியிருக்கிறதோ அதுதான் சரி.

எந்தக் கம்பி, எந்த எம்சிபி?

ஈயம் பூசிய செம்பு ஃப்யூஸ் கம்பியில் 0.20 மில்லிமீட்டர் 5 ஆம்பியருக்கு, 0.35 மில்லிமீட்டர் 10-க்கு, 0.50 மில்லிமீட்டர் 15-க்கு. 1 ஹெச்பிக்கு 10, 2 ஹெச்பிக்கு 15 ஆம்பியர் கம்பி பொதுவாகப் போதும். அட்டையில் சுற்றி அளவு எழுதி விற்கும் கம்பியை வாங்குங்கள். ஒரே இழை, இழுத்து முறுக்காமல், திருகின் கடிகாரத் திசையில் சுற்றிக் கட்டுங்கள்.

எம்சிபி என்றால் ‘பி’ வகை வேண்டாம். அது மூன்று முதல் ஐந்து மடங்கு கரண்டிலேயே உடனே விழும். மோட்டார் எழுவதற்கே இடம் தராது. ‘சி’ வகை ஐந்து முதல் பத்து மடங்கு வரை பொறுக்கும், ‘டி’ வகை பத்து முதல் இருபது வரை. கம்ப்ரஸரில் எந்தப் பழுதும் இல்லாமல், வீட்டு விளக்கு லைனுக்கான ‘பி’ எம்சிபியை மாட்டியதால் மட்டுமே டிரிப் ஆன கடைகள் உண்டு. எம்சிபி 30 டிகிரி வெப்பத்தை வைத்து அளவிடப்பட்டது என்பதால், அக்னி நட்சத்திர வெயிலில் தகரக் கொட்டகைக்குள் சற்று முன்னதாகவே விழும். போர்டை வெயில் படும் தகரத்தில் அடிக்காமல் உட்சுவரில் அடியுங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு

பெல்ட் கூட்டைத் திரும்ப மாட்டுங்கள். கிளாம்ப் மீட்டரை (வயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் காட்டும் மீட்டர்) ஒரே ஒரு வயரில் மாட்டி, டேங்க் நிரம்பும்வரை பாருங்கள். முள் உச்சியை நெருங்கும்போது வரும் ஆம்பியர், மோட்டார் தகட்டில் இருப்பதைத் தாண்டக் கூடாது. மோட்டார் நின்றதும் ‘புஸ்’, சுழன்று அடங்கும்போது ‘டக்’, இரண்டையும் கேளுங்கள். பிறகு ஹோஸைத் திறந்து, மோட்டார் தானாக எழுந்து நிற்பதை நாலைந்து முறை பாருங்கள். கடைசியாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே மெயினை அணைத்து, குமிழைத் திருப்பி, ‘புஸ்’ வந்த பிறகு மெயினையும் குமிழையும் போட்டுப் பாருங்கள். அந்தக் கடையில் தினமும் கம்ப்ரஸரைப் போடுபவர் யாரோ, அவர் கையாலேயே இதை இரண்டு தடவை செய்யச் சொல்லுங்கள்.